ஆளேறும் காத்தாடி

வெந்த புளியங்கொட்டைப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புளிப்பும் இல்லாமல், கருகலும் இல்லாமல், மூலையில் கிடந்து காய்ந்த ஈரத்துணிபோல் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு எட்டு வயதாயிருந்த ஒரு கோடைக்காலம் முழுவதும் மாரிகுப்பத்தில் எங்கள் வீடு அந்த வாடையாகத்தான் இருந்தது. அம்மா பசையைக் காய்ச்சிக் கொடுப்பாள்; அப்பா அதை மல்லுத்துணியில் தடவி, மூங்கில் சட்டங்களில் இழுத்துக் கட்டி வெயிலில் வைப்பார்; காய்ந்த பிறகு விரலால் சுண்டினால் உடுக்கைபோல் ஒலிக்கும். அப்படி நான்கு இறக்கைகள், ஒவ்வொன்றும் அப்பாவின் உயரம்.

அப்பா ஊரின் தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டர். சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் பெரிய விசிறி ஒன்றைப் பழுது பார்த்து ஓடவிட்டபோது, எதிரே நின்றிருந்த அவரை அந்தக் காற்று இரண்டடி பின்னால் தள்ளிவிட்டதாம். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. "பக்கத்துல தள்ற காத்த கீழ தள்ளினா, நாம மேல போவமா மாட்டமா? நீயே சொல்லு" என்று வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் மடக்குவார். "கேஜ்" என்கிற இரும்புக் கூண்டில் ஒற்றைக் கயிற்றை நம்பி நாள்தோறும் ஆட்கள் இறங்கி ஏறுகிற ஊரில், கயிறே இல்லாமல் மேலே போக வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று எங்கள் "லைன்" என்கிற குடியிருப்பு வரிசைக்காரர்களோ, ஃபிட்டருக்குக் காத்து புடிச்சிக்கிச்சு என்று சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டின் பின்பக்கம் தட்டி கட்டி இறக்கிய சாய்ப்புதான் அப்பாவின் பட்டறை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும், கஞ்சியைக் குடித்துவிட்டு நேரே அங்கே போய்விடுவார். கூட்டாளி, அடுத்த வரிசையில் குடியிருந்த தச்சர் அந்தோணி. பெரிய மீசையும் அதைவிடப் பெரிய பொறுமையும் உள்ளவர். ஒரு துரை வீட்டில் முறிந்து கிடந்த சைக்கிளை அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். அதன் சக்கரக் குடத்தில்தான் நான்கு இறக்கைகளும் பூட்டப்பட்டன. இன்றைக்குப் பத்திரிகைகளில் ஹெலிகாப்டர் என்று படம் போடுகிறார்களே, அதை எங்கள் வீட்டில் "ஆளேறும் காத்தாடி" என்றோம்.

முதலில் அப்பாவே அதில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். தூசி பறந்தது, கோழிகள் பறந்தன, அப்பா பறக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து இறங்கியவரிடம் அந்தோணி, "ஒரு ஆளு கால் பத்தாது ஃபிட்டரே, பத்து ஆளு கை வேணும்" என்றார். பெடலையும் சங்கிலியையும் கழற்றி எறிந்துவிட்டு, இறக்கைகளுக்குக் கீழே ஒரு மர உருளையைப் பொருத்தினார்கள். அதில் இரண்டு கயிறுகளைச் சுற்றி, பக்கத்துக்கு ஐந்து பேராக எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு ஓடினால், சாட்டை இழுத்த பம்பரம்போல் இறக்கைகள் சுழலும். கயிறு தீர்ந்ததும் தானாகக் கழன்று விழும். உருளைக்கு அடியில் ஆள் உட்கார ஒரு கயிற்று இருக்கையைத் தொங்கவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோணி கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, லைனுக்குப் பின்னாலிருந்த திடலில் அதை நிறுத்தினார்கள். சிரித்தவர்களே கயிறு பிடிக்க வந்தார்கள். அப்பா கையைத் தட்டினார். இருபுறமும் ஓடினார்கள். "விர்" என்று ஒரு சத்தம். காத்தாடி தரையை விட்டுக் கிளம்பி, எங்கள் கூரை உயரத்துக்குமேல் போய், ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, மெதுவாகச் சுழன்றுகொண்டே இறங்கியது. திடலே கத்தியது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் கத்தவில்லை. இருக்கை தொங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு ஏறணும்" என்றார். பெரியவர்கள் யார் ஏறினாலும் அது தூக்காது என்று அவருக்கே தெரியும். அவர் கண் கூட்டத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. நான் அதற்காகவே காத்திருந்தவள்போல், "நான் ஏர்றேம்பா" என்று ஓடினேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து, இருக்கையின் கயிற்றை என் அளவுக்குக் குறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

அம்மா சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க, கொஞ்சம் இருங்க" என்றாள், அவ்வளவுதான். என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், விட்டத்தில் ஒரு மூங்கிலைத் தராசுபோல் தொங்கவிட்டு, ஒரு முனையில் என்னைத் தொங்கச் சொன்னாள். மறுமுனையில் ஒரு கோணியைக் கட்டி, மூங்கில் நேராகும்வரை கேழ்வரகை முறம் முறமாகக் கொட்டினாள். பிறகு என் சிவப்புப் பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்து அந்த மூட்டைக்குச் சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தாள்.

"இது உங்க பொண்ணு எடை. மொதல்ல இத்த ஏத்துங்க. முழுசா எறங்கி வந்தா, அப்புறம் அவள ஏத்துங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கணக்குச் சரியான கணக்கு. மூட்டையை இருக்கையில் வைத்துக் கட்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன், என் இடத்தில் மூட்டை போகிறதே என்ற ஆத்திரம்.

மறுபடியும் இழுத்தார்கள். இந்த முறை அது திணறித் திணறித்தான் எழுந்தது. ஓர் ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம் போனது. அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அதே நொடியில் ஓர் இறக்கை "படார்" என்று கட்டறுந்து தனியே பறந்தது. காத்தாடி ஒருக்களித்து, தலைகீழாகக் கவிழ்ந்து, மூட்டையோடு தரையில் மோதியது. கோணி வெடித்தது. கிழிந்த சிவப்புப் பாவாடைக்குள்ளிருந்து கேழ்வரகு குபுகுபுவென்று மண்ணில் கொட்டியது.

அப்பா ஓடிப்போய் அந்தப் பாவாடையைக் கையில் எடுத்தார். பிறகு திரும்பி என்னைத் தேடினார். நான் எதிரேயே நின்றிருந்தும் சிறிது நேரம் அவருக்கு நான் தெரியவில்லை. கிட்டே வந்து, மண் ஒட்டிய கையால் என் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கோழிகள் வருவதற்குள் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கேழ்வரகைக் கூட்டி அள்ளினாள். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டுக் களியில் மண் நறநறத்தது. அப்பா அதை முகம் சுளிக்காமல் விழுங்குவார்.

காத்தாடியை அவர் மறுபடி கட்டவில்லை. மூங்கில் அடுப்புக்குப் போயிற்று. என்னை ஏறவிடாமல் செய்துவிட்டாள் என்று நான் அம்மாவோடு வெகுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மாரிகுப்பத்தில் அந்தத் தட்டி வீடுகள் இல்லை. பட்டறை நின்ற இடம் எது என்று காட்டக்கூட ஆளில்லை. திடலின்மேல் சுரங்கத்துக் கழிவு மண் மலையாகக் குவிந்துவிட்டது. காற்றடிக்கிற நாளில் அது ஊர்முழுக்கப் பறக்கிறது. அந்தோணி, அம்மா, அப்பா எல்லோரும் போய்விட்டார்கள்.

அப்பாவின் கடைசிக் காலத்தில் ஒருநாள், நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, அவரிடம் கேட்டேன்: "அம்மா அன்னிக்கி தடுக்கலன்னா, என்னை ஏத்தியிருப்பியாப்பா?"

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தியிருப்பேண்டி" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனதை நான் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.