கூப்பிட்டால்தானே போக முடியும்

இந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு தாள் தொங்கும். பக்கத்திலேயே நூலில் கட்டிய பென்சில். வேதபாடம் வாசிக்க, காபி போட, நாற்காலி அடுக்க, புல் வெட்ட என்று கட்டம் கட்டமாக இருக்கும். விருப்பம் உள்ளவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டுமாம். தரங்கம்பாடிக்குக் கப்பலில் போதகர்களை அனுப்பிய டென்மார்க் இது! என் பெயரை நானே எழுதுவதா? வெட்கமாக இருக்காதா மனிதனுக்கு? வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

குத்தாலத்தில் எங்கள் சபையின் முறையே வேறு. பாஸ்டர் ஐயா கேட்பார். "நமக்கெதுக்குங்க ஐயா, பெரியவங்க எத்தனை பேரு இருக்காங்க" என்று நாம் நழுவ வேண்டும். சபைச் செயலாளர் தேவசகாயம் விடமாட்டார். "சும்மா இருங்க சார், பேரு போட்டாச்சு" என்பார். மூன்றாவது தடவை தலையை ஆட்டினால்தான் மரியாதை. அப்படி ஆட்டித்தான் பதினோரு வருஷம் வேதபாடம் வாசித்தேன். அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிர்த் தோரணம் கட்டினேன், பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்று மூன்று கூட்டம் கூடிச் சண்டையும் போட்டேன். எல்லாவற்றையும் திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்காக, என் முறை வருகிற ஞாயிறன்று வெளியூர் போனதே இல்லை.

இங்கே வந்த புதிதில் போதகர் கிர்ஸ்டன் அம்மா காபிக் கோப்பையோடு வந்து, "ஆங்கிலத்தில் ஒரு பாடம் வாசிக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. வழக்கப்படி, "ஐயோ, நான் எதற்கு? வேறு யாரையாவது கேளுங்கள்" என்றேன். "சரி, பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்! இரண்டு வருஷமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைங்களேன்" என்பாள் என் மனைவி மேரி. "பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் காபி வேணாம்னீங்க."

ஊரிலோ தலைகீழ். கிளம்பும்போதே பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் தேவசகாயம் போனில் பேசியபோதுதான், இன்னும் எடுக்கவில்லை என்று தெரிந்தது.

"அது எப்படிங்க சார் எடுக்கறது? நீக்கிட்டோம்னு ஊரு பேசாதா? உங்க அண்ணன் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுவாரா?"

"அப்ப என் முறை வந்தா?"

"பாஸ்டர் கூப்பிடுவாரு. கொஞ்சம் பாத்துட்டு நான் போயி வாசிச்சிருவேன். வர்ற ஞாயிறுகூட நீங்கதான் சார்."

எரிச்சலில் போனை வைத்தேன். இல்லாதவனை அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருக்கிறவனை இங்கே ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. என்னதான் செய்வான் ஒருவன்?

அந்தக் கோபத்திலேயே புதன்கிழமை கோயிலுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தேன். அதே ஞாயிற்றுக்கான கட்டம் காலியாக இருந்தது. பெயரை எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினால் கிர்ஸ்டன் அம்மா.

"அன்று வேண்டாம் என்றீர்களே?"

"இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நினைத்தேன்."

"வேண்டாம் என்றவரை எப்படித் தொந்தரவு செய்வது?"

நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார். பாவம், இரண்டு வருஷமாக எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிறு காலை ஆறு மணி, குத்தாலத்தில் ஒன்பதரை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, பத்து மணிக்கு வாசிக்க வேண்டிய பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மேரி போனில் ஊர்க் கோயில் ஆராதனையை நேரலையில் வைத்தாள். அங்கே கோயிலுக்குப் பின்னால் எங்கோ வயலில் டிராக்டர் சேறடிக்கும் சத்தம். "வேதபாடம் வாசிப்பவர், சகோதரர் ஜெயசீலன்" என்றார் பாஸ்டர். பிறகு அமைதி. யாரோ இருமினார்கள். தேவசகாயம் எழுந்து வருவதற்குள், பைபிளும் கையுமாக நான் எழுந்து நின்றுவிட்டேன். மேரி சிரிக்கவில்லை. தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு வழிவிட்டாள்.