மணியும் மணிக்கூரும்

காலை ஆறே முக்காலுக்குப் பாசனச் சங்கச் செயலாளர் அண்ணாச்சி பூதப்பாண்டியிலிருந்து போன் செய்தார்.

"பிள்ள, ஒனக்க ஷட்டர் தொறக்கல்ல. குளம் நெறஞ்சு கெடக்கு, வயலுக்கு ஒரு சொட்டு எறங்கல்ல."

குளத்து மடைகளின் ஷட்டரை மோட்டார் வைத்துத் திறந்து மூடும் புரோகிராம் நான் எழுதியது. நாகர்கோவிலில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. லேப்டாப்பிலிருந்து நேரடியாகக் கட்டளை கொடுத்துத் திறந்துவிட்டேன். தண்ணீர்ப் பிரச்சினை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. என் பிரச்சினை அப்போதுதான் ஆரம்பித்தது.

எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்பதை ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைப்போம். அதை புரோகிராமர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேசான் ஃபார்மட்டில்தான் வைக்க வேண்டும் என்றார் மேனேஜர். அதில் ஒரு கமா விட்டுப்போனாலும் மொத்த ஃபைலும் செல்லாது. அண்ணாச்சி நெல் விதைக்கிறவர், கமா விதைக்கிறவர் இல்லை என்று சண்டை போட்டு, அவர் பேசுகிற தமிழிலேயே எழுத ஒரு ஃபார்மட்டை உண்டாக்கினேன். அதைப் படித்துப் பிரிக்கும் பார்சரைப் பைத்தானில் எழுதினேன். அன்று அவர் முதன்முதலாக எழுதியிருந்த வரி இது:

மடை 3: 6 மணி, 2 மணிக்கூர்

ஆறு மணிக்குத் திற, இரண்டு மணி நேரம் திறந்து வை. எங்கள் பக்கத்தில் மணி நேரத்துக்கு மணிக்கூர் என்றுதான் சொல்வோம்.

ஆபீஸுக்குப் போனதும் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்லா? மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா எல்லாத்தையும் ஜேசானுக்கு மாத்திரு. அவருக்கு நாம டைப் பண்ணிக் குடுப்போம்."

அதாவது, தன் குளத்து மடையைத் திறக்க அண்ணாச்சி இனி தினமும் எங்களைக் கூப்பிட வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குள் அண்ணாச்சியே மறுபடி கூப்பிட்டார். "எனக்க எழுத்துலதான் தப்பு போல பிள்ள. மணிக்கூர வெட்டிட்டு 120 நிமிஷம்னு போட்டேன். இப்ப சரின்னு காட்டுது."

"தீந்துது! இனி அப்படியே எழுதச் சொல்லு" என்றார் மேனேஜர்.

விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. ஆனால் பார்சருக்குத் தெரிய வேண்டிய சொற்களென்று நான் கொடுத்திருந்த பட்டியலில் மணிக்கூரும் உண்டு. ஓடவில்லை என்றால் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. பார்சர் வெட்டிய சொற்களைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன்.

6 மண
2 மண

நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். சொல்லைப் பிடிக்க நான் போட்டிருந்தது \w+; எழுத்து வருகிறவரை படி என்று அர்த்தம். ஆனால் பைத்தானில் இந்த வேலைக்கென்று வழக்கமாக வரும் re என்ற கருவிக்குத் தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தே இல்லை. 'ணி'யில் 'ண' வரை படித்துவிட்டு நின்றுவிடும். பட்டியலும் அதே வழியாக ஏறியதால் இரண்டு சொல்லும் 'மண' என்றே பதிந்து, பின்னால் வந்த மணி முன்னால் இருந்த மணிக்கூரை விழுங்கிவிட்டது. புரோகிராமுக்கு அந்த வரி இப்படித் தெரிந்திருக்கிறது: ஆறு மணிக்குத் திற, இல்லை இரண்டு மணிக்குத் திற. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆகவே புரோகிராம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

டெஸ்டில் ஏன் அகப்படவில்லை? கீபோர்டை மாற்றச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்திருந்தேன். தமிழுக்காகச் சண்டை போட்ட லட்சணம்!

இடைவெளியோ கமாவோ வரும்வரை ஒரே சொல் என்று மாற்றினேன். ஒரே ஒரு வரி. மணிக்கூர் முழுசாக வந்து நின்றது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் மேஜைக்கு ஓடினேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"செரி செரி, தமிழே இருக்கட்டும்" என்றார்.

இன்னொன்றும் செய்தேன். புரியாத சொல்லோ அரைகுறை வரியோ வந்தால் பார்சர் சும்மா இருக்கக்கூடாது, கேட்க வேண்டும். புதிதாகப் பார்சர் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

மறுவாரம் அண்ணாச்சி உற்சாகமாகக் கூப்பிட்டார். "பிள்ள, ஒனக்க மெஷினு எங்கிட்ட சந்தேகம் கேக்குதுல்லா! அரை மணிக்கூர்னு எழுதினேன். நாலாவது வரியில அரைன்னா என்னான்னு கேக்கு!"

"பட்டியல்ல நீங்களே சேத்துருங்க அண்ணாச்சி."

சாயங்காலம் பார்த்தால் கால், அரை, முக்கால், ஒண்ணரை என்று நான்கு சொற்களும் அவற்றுக்கு நேரே எண்களும் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தன.