இரண்டு சீட்டும் அரைக் காதும்

பழைய காரைச் சரிசெய்யும் தொழிலில் கார் என்பது கடைசியாக வந்து சேரும் பொருள். துருவும் தூசியும் மனத்தாங்கலும் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வண்டியும், அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களுமாக வாழ்க்கை நடத்தும் தோழிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் கைமாறியபோது, காப்பிப் பழக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் கிடந்த இங்கிலாந்துக் கார் ஒன்றைப் புது முதலாளி பார்த்து முகம் சுளித்தார். "நான் எடுத்துக்கிறேனுங்க" என்று சொல்லிவிட்டார் இவர். நீண்ட மூக்கு, கூரை கிடையாது, சீட்டு இரண்டு. இன்ஜினுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

இவர் காரைப் பிரிக்கத் தொடங்கிய காலத்திலேயே காதும் பிரிந்து போகத் தொடங்கியது. முதலில் தவிட்டுக்குருவிகள் போயின. அப்புறம் குக்கர் விசில். இப்போது வலது காது முழுக்க இருட்டு. இடது காதில் மெஷின் வைத்தால் ஏதோ கொஞ்சம் வெளிச்சம். அதுவும் மெல்ல மெல்லத்தான் போகும், ஆனால் போய்விடும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். பஸ்ஸில் ஏற்காட்டு மலை ஏறி வரும்போது, "காது மூடறதுக்குள்ள அந்த வண்டி ஓடற சத்தத்தைக் கேட்டுட்டேன்னா போதும்" என்றார். என் பேச்சைக் கேட்க வேண்டாமா என்றேன். கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "அதைத்தான் வேணுங்கற அளவு கேட்டாச்சே, கமலா."

மாமியாருக்கு இடம்

கார் எங்கள் வீட்டுக்கு டிராக்டரில் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில், மஞ்சக்குட்டையிலிருந்து ஆரஞ்சும் பலாவும் கொண்டுவந்து விற்கும் சின்னப்பொண்ணும் ஒருத்தி. கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்து, சாமான் வைக்கும் இடத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஏதோ காணாமல் போனதைத் தேடுவதுபோல இருந்தது.

"என்ன தேடறே?" என்றேன்.

"ஏனுங்கம்மா, ரெண்டே சீட்டு வெச்சிருக்கானே. புருசனும் பொண்டாட்டியும் ஏறீட்டா மாமியாக்காரி எங்கீங்க உக்காருவா?" என்றவள், கொஞ்சம் யோசித்துத் தானே முடித்துவைத்தாள்: "அட, அதுக்கோசரந்தான் அந்த வெள்ளக்காரன் மெனக்கெட்டு இப்படிச் செஞ்சிருப்பானுங்க."

ஃபிரிட்ஜில் ஒரு விருந்தாளி

இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அது என் சமையலறைக்கு வரும் பாடம் என்று எனக்குத் தெரியாது. ஒரு தண்டின் மேல் ஒரு வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும். தண்டை ராத்திரியே ஃபிரீசரில் வைத்துவிட்டார். வளையத்தைக் காலையில் தோசைக்கல்லில் வைத்துச் சுட்டார். அதற்கு முன்னால் கல்லுக்கு எண்ணெய் தடவலாமா என்று என்னிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

அன்று பார்த்துச் சேலத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். ஏற்காட்டுக் குளிரிலும் ஐஸ் தண்ணீர் கேட்கிறவள். ஃபிரீசரைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பாலிதீனில் சுற்றி, பனி படர்ந்து, முழங்கை நீளத்தில் அது கிடந்தது. அண்ணன் வீட்டுச் சாப்பாடு இவ்வளவு மாறிவிட்டதே என்ற துக்கம் அவள் முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, இத்தாம்பெரிய எலும்பு எந்த மிருகத்தோடதுங்க?"

அங்குலக் கணக்கு

கடைவீதியில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் செல்வம் எங்களுக்கு வாய்த்த துணை. தலை நரைத்தவர், பொறுமைசாலி, ஆனால் வாய் மட்டும் பொறுமையில்லாதது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப் வேலை முடிந்தால் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார். அவருடைய ஸ்பேனர்கள் எல்லாம் மில்லிமீட்டர். எங்கள் காரின் நட்டுகளோ அங்குலம். ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் நுழையாது. முழு ஞாயிறும் ஒரே நட்டோடு மல்லாடிவிட்டு, கையில் ரத்தக் கீறலோடு எழுந்து ஒரு நாள் சொன்னார்: "வெள்ளக்காரன் கப்பலேறிப் போயி எத்தன காலமாச்சுங்க, அவன் நட்டு இன்னும் நம்மள உட மாட்டீங்குதே."

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. என் வீட்டுக்காரரிடம் நீளமான திருப்புளி ஒன்று உண்டு. மரக் கைப்பிடி போட்டது. முன்பெல்லாம் ஓடுகிற இன்ஜினின் மேல் அதன் முனையை வைத்து, கைப்பிடியை வலது காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்பார். எஸ்டேட் ஜீப்பில் எந்த உறுப்புக்கு என்ன நோவு என்று அப்படித்தான் சொல்லுவார். அதை எடுத்துத் துடைத்துச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் வாங்கத் தயங்கினார். "கேக்கறதுக்குக் காது வேணும்ல, வெச்சுக்க" என்றார் இவர். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன்.

ஆண்ட்டி, ஒரு போட்டோ

சனி, ஞாயிறுகளில் ஏரிப் பக்கம் இடம் கிடைக்காத சுற்றுலாக்காரர்கள் எங்கள் சாலைக்கும் வந்துவிடுவார்கள். கொட்டகைக் கதவு திறந்திருந்தால் தீர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு ஜோடி, என்னைக் கேட்டுக்கொண்டே வண்டிக்குள் ஏறிவிட்டது. பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்தான். தொலைதூரத்தில் எங்கள் வெந்நீர் அடுப்பு இருந்தது. பெண்ணின் துப்பட்டா காற்றில் பறக்க வேண்டுமென்று படம் எடுக்கிறவர் முறத்தால் விசிறச் சொன்னார். என்னைத்தான்.

எல்லாம் முடிந்து இறங்கும்போது பெண்ணின் கால் எதிலோ தட்டியது. காருக்கு அடியிலிருந்த என் வீட்டுக்காரரின் கால். அவருக்கு இவர்கள் வந்ததும் தெரியாது, ஏறியதும் தெரியாது. கீழே குனிந்து பார்த்த பெண், நிமிர்ந்து என்னைப் பார்த்து ரொம்பப் பரிவோடு கேட்டாள்: "ஆண்ட்டி, இது நிஜமா ஓடுமா, இல்ல அங்கிளுக்காகச் சும்மா வெச்சிருக்கீங்களா?"

ஒரு டம்ளர் டீ

இன்ஜின் சேர்த்தாயிற்று, பெட்ரோல் ஊற்றியாயிற்று. மாலைக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இவர் வீட்டுக்குள் போனார். விளக்கு எரிகிறதா என்று பார்க்க, செல்வம் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நான் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன்.

அது ஒரு முறை இருமியது. அப்புறம் உறுமியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது, சில்வர் ஓக் மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. பல வருஷம் வாயே திறக்காத ஒருவர் திடீரென்று பேச ஆரம்பித்ததுபோல இருந்தது. நான் கத்தினேன். அவரைக் கத்திக் கூப்பிட்டு என்ன பயன்? காலால் மிதித்து அதை உயிரோடு வைத்திருக்கப் பார்த்தேன். அணைந்துவிட்டது.

புகையைப் பார்த்துத்தான் வெளியே வந்தார், டம்ளரோடு. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் அன்று முழுக்க எவ்வளவு திருகியும் இன்ஜின் அசையவில்லை. ஆறிப்போன டீயைச் செடிக்கு ஊற்றியபடி என் வீட்டுக்காரர் சொன்னது இதுதான்: "இத்தனை வருஷம் இது பக்கத்துலயே நின்னேன். ஒரு டீக்குப் போன நேரத்துல பேசீருச்சு பாரு, பொம்பளைங்ககூட மட்டும் பேசும் போல."

முகத்தைப் பார்த்துத் திருகுவது

இந்த மாதிரிக் காருக்கு, பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இழுத்தால் வண்டி நொண்டும். அதைப் பார்க்கக் கருவி எதுவும் எங்களிடம் கிடையாது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அவர் செய்ய வேண்டிய வேலை. அடுத்த ஞாயிறு அவர் குழாயை என்னிடம் கொடுத்தார்.

செல்வம் ஒருவழியாக இன்ஜினைக் கிளப்பி, அணையாமல் பிடித்துக்கொண்டார். நான் கேட்டேன். இடது பக்கம் புளியமரத்தில் காற்று. வலது பக்கம் தென்னையில் காற்று. இரண்டும் ஒரே மரமாக வேண்டும். சொன்னால் அவருக்குக் கேட்காது, இன்ஜின் சத்தத்தில் செல்வத்துக்கும் கேட்காது. அதனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகினார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. இரண்டு மூச்சும் ஒன்றானபோது என் முகம் என்ன செய்ததோ, அவர் கையை எடுத்துவிட்டார்.

வண்டி சீராக ஓடியது. காதுமெஷினைச் சரிசெய்துகொண்டு அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தகரத்து மேல மழை பெய்யற மாதிரி இருக்கு. மிக்ஸிக்கும் இப்படித்தான் இருக்கு, பஸ்ஸுக்கும் இப்படித்தான் இருக்கு" என்றார். கந்தலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத் தாங்காமல் செல்வம்தான் வாயைத் திறந்தார்: "அம்மா மூஞ்சி சுளிச்சா இன்னொரு சுத்து, சிரிச்சா நிப்பாட்டு. ஊட்டுல காலங்காலமாப் பண்ணீட்டு இருக்கற வேலதானுங்களே ரைட்டரய்யா, இதுக்குக் காது எதுக்குங்க?"

தீர்த்தம்

புது வண்டியோ பழைய வண்டியோ, எங்கள் மலையில் சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்ட பிறகுதான் அதை வண்டி என்பார்கள். கூட்டமில்லாத ஒரு காலையில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். வளைவில் எதிரே வரும் ஹார்ன் காதில் விழாதவன் மலையில் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று அவர் தாமே விதித்துக்கொண்டுவிட்டார். செல்வம் ஜீப்பில் பின்னாலேயே வந்தார். இந்த வண்டியில் ஏறுவதும் அந்தக் குகைக் கோயிலுக்குள் போவதும் ஒன்றுதான். உடம்பைக் குறுக்கிக் குனியாதவருக்கு இடமில்லை.

பூசாரி சந்தனம் வைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரத் தட்டோடு இன்ஜின் பக்கம் வந்தவரைச் செல்வம் குறுக்கே விழுந்து தடுத்தார். பெட்ரோல் வாடை அவருக்கு எட்டியிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர்தான், பூசை இன்ஜினுக்கும் சேர வேண்டும் என்று இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினார். தீபத்துக்குப் பதிலாகத் தீர்த்தம் தெளிக்கிறேன் என்றார் பூசாரி. நல்ல மனசுக்காரர், செம்பை அப்படியே கவிழ்த்தார். இன்ஜின் மேலும், இவர் தலை மேலும். இவர் காதுமெஷினைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டெல்கோ மூடிக்குள் புனிதநீர் புகுந்திருந்தது. செல்வம் அந்த நீளத் திருப்புளியால் மூடியைத் திறந்து துண்டால் துடைத்தார். கோயிலுக்கு வந்திருந்த மலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் ஆள்பலத்தால் நசுங்கின. சரிவில் இறங்கும்போது கிளட்சை விட்டேன். பிடித்துக்கொண்டது. ஒரு வட்டம் அடித்துக் கோயில் முன்னாலேயே கொண்டுவந்து, அணைக்காமல் நிறுத்தினேன்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்கச் செல்வம் இன்ஜின் மூடியைத் தூக்கினார். திருப்புளியைப் பக்கத்தில் நின்ற இவர் கையில் கொடுத்தார். கைக்குப் பழக்கம் மறக்குமா? ஓடுகிற இன்ஜின் மேல் அதன் முனையை வைத்தார். கைப்பிடி வலது காதுக்குப் போயிற்று. அங்கே எதுவும் இல்லை என்பது நினைவு வந்ததும், வெட்கப்பட்டவர்போல அதை எடுத்து, இடது காதின் பின்னால் எலும்பில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

பனி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. "அய்யா நொம்ப நேரமா வேண்டிக்கிறாருங்களே" என்று பூசாரி என்னிடம் முணுமுணுத்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் திகைப்பு: எலும்பு வழியே இன்ஜின் அவரிடம் பேசியிருக்க வேண்டும். அப்புறம், வெகு காலத்துக்கு முன் குருவிகளோடு போய்விட்டதென்று நான் நினைத்திருந்த ஒரு சிரிப்பு. திருப்புளியின் முனையை மெல்ல மெல்ல நகர்த்தினார். ஒரு இடத்தில் நின்றது. புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்து, காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில், மலையே கேட்கும்படி சொன்னார்:

"கமலா! மூணாவது டாப்பெட் லூசா இருக்கு, தட்டுது! நாளைக்கே எல்லாத்தையும் பிரிக்கணும்!"

ஆகவே தோழிகளே, கார் இப்போது மறுபடியும் துண்டு துண்டாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஓடாத ஒரு வண்டியால் ஒரு வீடு இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை அதைச் செய்தவர்களுக்கு யாராவது எழுதிப் போட்டால் நல்லது.