கழுத்தில் கரண்டு, கையில் மிளகு: கொல்லிமலைக்கு ஒரு நாள்

சக்கர நாற்காலிக்காரர்கள் கொல்லிமலைக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், பல்லைக் கடித்துக்கொண்டு. பைக்கிலிருந்து விழுந்து என் கழுத்துத் தண்டுவடம் நசுங்கி நாலு வருடம் ஆகிறது. விரல்கள் மடங்காமலே கிடந்தன. போன வருடம் கோவையில் ஒரு சிகிச்சை மையத்தில், பின்கழுத்தில் பட்டை ஒட்டி லேசாக மின்சாரம் விட்டுக்கொண்டே, மணிக்கணக்கில் பட்டாணி பொறுக்க வைத்தார்கள். செத்த நரம்பு பிழைக்காது, மிச்சமிருப்பதைக் கரண்டு உசுப்பிவிடும், அவ்வளவுதான் என்றார்கள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்ட அன்று அழுதேவிட்டேன். அந்தக் கையோடு எங்காவது ஊர் சுற்ற வேண்டும் போலிருந்தது. தை மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

நாமக்கல்லில் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. கார் ஓட்டியது என் மச்சினன் சேகர். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு நெஞ்சுக்குக் கீழே பிடிமானம் கிடையாது. பெல்ட் போதாமல், ஒரு வேட்டியால் சீட்டோடு சேர்த்துக் கட்டினான்.

“மாட்டை லாரில ஏத்துற மாதிரி கட்டுறியேடா.”

“மாடு இவ்ளோ பேசாதுங்க மாமா.”

செம்மேட்டில் டீ குடித்துவிட்டு தேவனூர் நாடு என்கிற ஊர்ப் பக்கம் போனோம். ஒரு வீட்டு முன்னால் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வாங்கலாம் என்று நிறுத்தினோம். அந்த வீட்டு ராசம்மா ஒரு கை அள்ளி கார் ஜன்னலில் நீட்டினார். நான் பெருமையாக ஒரே ஒரு மிளகை விரலால் எடுத்துக் காட்டினேன்.

“கை நடுங்குதுங்களே, என்னாச்சு சாமி?”

“கழுத்துல கரண்டு வெச்சாங்க, அதுக்கப்புறம்…”

“அட பாவிங்களா! யாருங்க வெச்சது? பன்னிக்கு வெச்சதுல மாட்டிக்கிட்டீங்களா? போலீஸ்ல சொன்னீங்களா?”

காட்டுப்பன்றிக்குத் திருட்டுத்தனமாக வேலியில் மின்சாரம் விடுவதைத்தான் அங்கே ‘கரண்டு வைப்பது’ என்கிறார்கள். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். “ஆஸ்பத்திரிலங்க. அதுலதான் இந்தக் கையே வந்துச்சுங்க” என்றேன். ராசம்மா சிரிக்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரரு மிளகு பறிக்க ஏறி மரத்துல இருந்து வுழுந்துட்டாருங்க. ரெண்டு கையும் மடங்குறதில்லை. மறுக்கா ஆஸ்பத்திரின்னா மொகத்தைத் திருப்பிக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாருங்க.”

சேகர் என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனான். கட்டிலில் ராசம்மாவின் கணவர் பழனி. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். ஆசை காட்டிப் பேச வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். எல்லாருக்கும் பலிக்காது, நரம்பில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும், எனக்கே இன்னும் சட்டைப் பொத்தான் போட வராது என்று உள்ளதைச் சொன்னேன்.

“களி திங்க முடியுதுங்களா?”

“முடியுதுங்க. பாதி சட்டையில போயிரும்.”

“ஆரும் ஊட்டிவுட வேண்டியதில்லீங்களா?”

“வேண்டியதில்லீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வருடம் நான் வாய் திறந்து காத்திருந்த தட்டுகள் எனக்குத்தானே தெரியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மெத்தை இல்லாமல் உட்காராதீர்கள், புண் வந்துவிடும். கம்பளி கட்டாயம். அருவிக்கு இறங்கும் படிகளை மறந்துவிடுங்கள். கழிப்பறைக்கு நாற்காலி நுழையுமா என்று விடுதியில் கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள். முக்கியமாக, இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கரண்டு வைத்துப் பார்க்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பழனி வீட்டுக்குத் திரும்புவோம். என் போன் நம்பரை ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு, “அப்ப வாரோமுங்க” என்றேன். வீட்டில் இருக்கிறவர்கள் “சரிங்க, போயிட்டு வாங்க” என்பார்கள், அதுதான் வழக்கம்.

“நானும் வாரேனுங்க” என்றார் பழனி.

ராசம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கு எந்த நாளைக்குன்னு சொல்லுங்க” என்றார்.