கூப்பிட்டால் போகும் நாய்

எங்கள் நாய்க்குப் பெயர் கிடையாது. வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. “வா” என்றால் வந்துவிடும். நான் சொன்னாலும் வரும், பால்காரர் சொன்னாலும் வரும். தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் வேறு யாரையோ பார்த்துச் சொன்னாலும் அதுவும் கூடவே எழுந்து போகும். அதனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவருக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. ஒரு ஐப்பசி மழையில் அவர் சைக்கிள் கேரியரில் கோணிப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அரிசி என்று நினைத்தேன். உள்ளே நாய். ஏரிக்கரைச் சாலையில் ஏதோ லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பின்னங்கால் ஒடிந்திருந்தது. “இன்னிக்கு மட்டும் இருக்கட்டும்” என்றார். அவருடைய ‘மட்டும்’ எனக்குத் தெரியாததா? ஒரு வாரம் மட்டும் என்று வந்த அவருடைய சித்தப்பா மகன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டுத்தான் ஊருக்குப் போனான்.

மாட்டாஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கடிக்கும், வாயைக் கட்டுங்கள் என்று சொன்ன கம்பவுண்டரின் கையையே அது நக்கிக்கொண்டிருந்தது. எலும்பு கூடிய பிறகு கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தது. கடிக்காது, திருடாது, குரைக்காது. காவலுக்கு ஒரு நாய் ஆயிற்று என்று முதலில் சந்தோஷப்பட்ட வீட்டுக்காரர், “இதுக்குப் பதிலா ஒரு பொம்மை வாங்கி வெச்சிருக்கலாம்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

அப்போதெல்லாம் நாய் பிடிக்கிற வண்டி வரும். கம்பிக் கூண்டு வைத்த வண்டி. அதைக் கண்டதும் தெரு நாய்கள் எல்லாம் சந்து சந்தாக ஓடி ஒளியும். அதில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது வாசலில் கூச்சல் கேட்டது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, ஒரு கையில் கூடை, மறு கையில் எங்கள் நாயின் காது. பின்னால் சுருக்குக் கயிற்றோடு வண்டிக்காரன் முணுமுணுத்துக்கொண்டு போனான்.

“இன்னா டீச்சரம்மா, எல்லா நாயும் ஓடிகினு கீது, உன்னுது மட்டும் அவனாண்ட போயி வால ஆட்டிகினு நிக்குது. அவன் கயிறு வீசவே இல்ல. ‘வா’ன்னான், போய்ட்ச்சி. கூப்டா எமனாண்ட கூட போவும் போல கீது.”

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. அடுத்த முறை வண்டி வரும்போது அவள் தெருவில் இருப்பாள் என்று என்ன நிச்சயம்?

கட்டிப்போட்டுப் பார்த்தோம். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவோம். சாயங்காலம் வந்து பார்த்தால் காலையில் வைத்த சோறு அப்படியே இருக்கும். வீட்டுக்காரரின் மைத்துனர் மதுராந்தகத்தில் அரிசி மில் வைத்திருந்தார். அவர் காவலுக்கு என்று கொண்டுபோய், ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார். மூட்டையைத் திருட வந்தவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதாம்.

கடைசியில் மீன்கார அம்மாதான் கேட்டாள். அவள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். “எனக்குக் குடுத்துடு. எங்கூட்ல இருந்த நாயி கருவாட்டையும் துன்னுச்சி, பக்கத்து வூட்டுப் புள்ளையயும் கடிச்சிச்சி. பேஜாராப் பூட்ச்சி. இது எத்தினி நாளு என் கூடையாண்ட படுத்துகினு கீது, ஒரு தபா மோந்து பாத்ததில்ல. கருவாட்ட எடுக்க வர்ற காக்காவுக்கு இது எழுந்து நின்னா போதும். எங்க குப்பத்துக்கு நாய் வண்டி வராது. யாரு கூப்ட்டு யாராண்ட போனாலும் சோறுதான் கெடைக்கும்.”

நான் சரி என்றேன். என் கணவருக்குத்தான் மனசு வர இரண்டு நாள் ஆயிற்று. பிறகு அவரே கோணிப்பையைத் தேடி எடுத்தார். நாயைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் கோணியில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்பது கணக்கு. பிடித்து உள்ளே தள்ள ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்திருந்தோம். அவருக்கு வேலையே இல்லை. என் கணவர் கோணியின் வாயை விரித்துப் பிடித்து “வா” என்றார். அது தானாக நடந்து உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கோணியின் வாயைக் கட்டியது நான்தான்.

மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டெம்போவில் நானும் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை கோணிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. மூச்சு விடுகிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

குப்பத்தில் அவிழ்த்துவிட்டதும் அந்த அம்மா அதைக் கூட்டிக்கொண்டு வாசலில் கிடந்த உரலை மூன்று சுற்றுச் சுற்றினாள். புதிதாக வாங்கும் கோழியையும் அப்படிச் சுற்றித்தான் விடுவார்களாம், வீடு தங்குமாம். பிறகு கஞ்சி ஊற்றினாள். எங்கள் வீட்டில் கட்டிப்போட்டால் சோற்றைத் தொடாத நாய் கஞ்சியை நக்கிக் குடித்தது.

“திரும்பிப் பாக்காம போ. கூப்ட்டுத் தொலைக்காத. கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராத” என்றாள். உத்தரவு போடுவது என் தொழில், வாங்கிப் பழக்கமில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

மீனோடு சேதியும் வந்தது. சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் பின்னால் போய்விட்டு மறுநாள் திரும்பியதாம். குப்பத்தில் எல்லார் வீட்டிலும் சாப்பிடுகிறதாம். ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்களாம். அது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் வைத்திருந்த நமக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அடுத்த காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனோம். கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் நேராகக் குப்பத்துக்கு நடந்தோம். மணலில் பரப்பிய நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அது படுத்திருந்தது. காக்கை இறங்கினால் எழுந்து நிற்கும். பறந்ததும் படுத்துக்கொள்ளும். உடம்பு போட்டிருந்தது.

நான் “வா” என்றேன்.

தலையைத் தூக்கியது. என்னைத் தெரிந்துவிட்டது. வால் மணலை அடித்த அடியிலேயே தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தது, நெத்திலியைப் பார்த்தது, அப்படியே கிடந்தது. இன்னொரு முறை, வகுப்பில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். வால்தான் ஆடியது.

“உன்ன மறக்கல டீச்சரம்மா” என்றாள். “நானு மீன அள்ளி முடிக்கிற வரிக்கும் எவன் கூப்டாலும் வராது. பிஸ்கோத்து காட்டினாலும் போவாது.”

வயிறு எரிந்தது, மறைப்பானேன். இனிமேல் அந்த வண்டிக்காரனே வந்து கூப்பிட்டாலும் போகாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் காயும் இடம் என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுடுமணலில் நானே அதனிடம் நடந்து போனேன்.