அளவில் சேராத பனிக்கட்டி

அறங்களுள் ஆரவாரம் அற்றது அளவறிதல். ஈகைக்குப் புகழ் உண்டு. வீரத்துக்குப் பாட்டு உண்டு. தனக்கு விதித்ததில் ஒரு துளி மிகாமலும், பிறர்க்கு உரியதில் ஒரு துளி குறையாமலும் நடப்பவனை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த அறத்தை ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கால்கடுக்க நின்று காத்தவர் ஒருவர். உடன் வேலை செய்தவர்கள் அவருக்கு இட்ட பெயர் தராசு.

அவருடைய தொழில் ஊற்றுவது. கையில் இருபுறமும் வாயுள்ள எஃகுக் கிண்ணம். ஒரு வாய் முப்பது மில்லி, ‘ஸ்மால்’ என்பார்கள்; மறு வாய் அறுபது. மது அதன் விளிம்போடு வந்து நிற்கும். வழியவும் வழியாது, தாழவும் தாழாது. “தராசண்ணே, நம்ம ஆளுன்னு கொஞ்சம் தாராளமா ஊத்தக் கூடாதா?” என்று பழகியவர்கள் கெஞ்சுவார்கள். “தாராளம் வேணும்னா ஐஸ் போட்டுக்கங்க. அதுக்கு அளவே கிடையாது” என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதுதான் அங்குள்ள விதி. மதுவுக்கே அளவு, பனிக்கட்டியை எவரும் எண்ணுவதில்லை.

வேலையிடத்தில் ஒரு சொட்டும் நாவில் வையாதவர், ஓய்வு நாளான திங்கட்கிழமை பிற்பகலில் தமக்கென்று அறுபது மில்லி போர்பன் விஸ்கி ஊற்றிக்கொள்வார். குளிர் நாட்களில் ஒரு கரண்டி தண்ணீர் மட்டும் சேர்ப்பார். தண்ணீர் பட்டதும் காரம் அடங்கி, கருக்கிய மரப்பீப்பாயின் மணமும் வெனிலாவின் இனிமையும் மெல்ல மேலெழும். வெயில் நாட்களில் இரண்டு பனிக்கட்டி. முதல் மிடறு சுடும். நடு மிடறு இனிக்கும். கடைசி மிடறு, மதுவா தண்ணீரா என்று தெரியாமல், தண்ணென்று இறங்கும். ஆறு நாள் நின்ற கால்கள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தரையைவிட்டு எழுந்து நாற்காலிமேல் ஏறும்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்தபின் அந்த இன்பத்தை விட்டுவிடத் துணிந்தார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நாள் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது மில்லிக்கு மேல் நீர் கூடாது. தேநீரும் மாத்திரைத் தண்ணீரும் அதற்குள் அடக்கம். நாக்கு வறண்டு கிடப்பவள்முன் கோப்பை ஏந்துவதா என்று கூசினார். அம்மையாரே விடவில்லை.

“நீங்க குடிங்க. அந்த ஐஸ் கண்ணாடியில இடிக்கிற சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பாதி தாகம் போயிடுது.”

“மீதிப் பாதி?”

“அதுக்கு ஒரு துண்டு என் வாயில போடுங்க.”

அப்படித்தான் பனிக்கட்டி வந்தது. திங்கட்கிழமைக்கு ஒன்று, பின் நாளுக்கு ஒன்று, கோடை முற்றியபோது நாளுக்கு எட்டு. நீரையோ அவர் தம் தொழில் முறைப்படியே அளந்தார். பழைய எஃகுக் கிண்ணம் ஒன்றைச் சமையலறையில் வைத்து, முப்பது முப்பதாக, நாளுக்கு இருபத்தைந்து முறை. மாலைக்குள் அளவு தீர்ந்துபோனால், “ஏங்க, இன்னொரு ஸ்மால் கிடைக்குமா?” என்று அம்மையார் கேட்பார். “பார் மூடியாச்சுங்க மேடம்” என்று அவர் விறைப்பாகச் சொல்வார். இருவரும் சிரிப்பார்கள், சிரித்தபின் இருவருக்கும் களைப்பாக இருக்கும்.

ஒரு செவ்வாயன்று எடை பார்க்கும் கருவியின்முன் செவிலி முகம் சுளித்தாள். வெள்ளியன்று சிகிச்சை முடிந்து போன எடைக்கும் இன்று வந்த எடைக்கும் இடையே இருக்க வேண்டியதைவிட ஒரு கிலோ மிகுதி. அதற்கு முந்திய செவ்வாயும் அப்படியே.

“அக்கா, ஒளிச்சு வச்சுத் தண்ணி குடிக்கிறீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“இவர் அளந்து கொடுக்கிறதுதாம்மா. ஒரு மடக்கு கூட இல்ல.”

“அப்ப இந்த ஒரு கிலோ காத்துலயா வந்துச்சு? இப்படியே போனா வாரத்துக்கு மூணு நாள் வரச் சொல்லிடுவாரு டாக்டரு.”

அந்த மூன்றாம் நாளை நினைத்தே அம்மையார் நடுங்கினார். ஊசி ஏறிய நாளெல்லாம் சுருண்டு கிடந்து, மறுநாள் சற்றே தலைதூக்குகிறவர் அவர். எஞ்சியிருந்த நல்ல நாட்களிலும் ஒன்று பறிபோனால், வாழ்வதென்று சொல்ல என்ன மிஞ்சும்?

தராசுக்குத் தம் கிண்ணத்தின்மேல் ஐயம் எழவில்லை. முப்பத்தொரு ஆண்டு பிசகாத கை, பிசகு வேறெங்கோ. அன்று முதல் குடத்தின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு நேராகப் பேனாவால் கோடிட்டார். குளியலறையில் குழாய்ச் சத்தம் சற்று நீண்டால் காதைத் தீட்டினார். மூன்றாம் நாள் அம்மையார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன?”

அவர் கட்டைவிரலால் கோட்டை அழிக்கப் பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல உங்க கோப்பையில என்னிக்காவது நான் கோடு போட்டிருக்கேனா? அறுபதுன்னு சொன்னீங்க, அறுபதுன்னு நம்பினேன். எனக்கு அந்த நம்பிக்கையும் அளந்துதான் தருவீங்களா?”

கத்துவதற்கு மூச்சில்லை, மெல்லத்தான் சொன்னார். அதன்பின் நான்கு நாட்கள் நீர் தரும்போதும் பெறும்போதும் அன்றி அவ்வீட்டில் பேச்சில்லை.

திங்கள் வந்தது. பழக்கத்தால் கை ஊற்றியது: அறுபது மில்லி போர்பன், இரண்டு பனிக்கட்டி. அம்மையார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குடிக்க மனம் வரவில்லை. கோப்பையை மேசையில் விட்டுவிட்டு, உலர்ந்த துணிகளை எடுத்து மடித்து அடுக்கினார். மாத்திரைகளைப் பிரித்து வைத்தார். தலையணை உறை மாற்றினார். திரும்பி வந்தபோது கட்டிகள் கரைந்துவிட்டிருந்தன. பொன்னிறமாக ஊற்றியது வெளிறிய தேநீர் போலக் கிடந்தது.

வீணாய்ப் போனதைக் கொட்டும்முன் அளந்து பார்ப்பது மதுக்கூடத்தில் அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்துக் கோப்பையிலிருந்து அளந்தார். முப்பது. அறுபது. தொண்ணூறு. நூற்றிருபது.

ஊற்றியது இரண்டு முறை, எடுத்தது நான்கு. கட்டி ஒன்றுக்கு முப்பது மில்லி. நாளுக்கு எட்டு கட்டி. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்கு நாள். தொள்ளாயிரத்து அறுபது மில்லி, ஏறக்குறைய அந்த ஒரு கிலோ. கிண்ணத்தை வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். ஐஸுக்கு அளவில்லை என்று ஊராரிடம் சொல்லிச் சொல்லி, தம் மனைவியின் நெஞ்சிலும் அந்த அளவற்றதை அவரே தம் கையால் ஊற்றியிருக்கிறார்.

“இங்க பாரு,” என்றார். அம்மையார் திரும்பவில்லை. “தப்பு என்னோடது. ஐஸும் தண்ணிதான். எனக்குத் தோணவே இல்ல.”

அதைக் கேட்டபின் அம்மையார் திரும்பினார்.

“முப்பத்தொரு வருஷம் பார்ல நின்ன மனுஷனுக்கு ஐஸ் கரைஞ்சா தண்ணின்னு தெரியாதா?”

“தெரியல.”

“நல்ல தராசு!” சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. அடங்கியபின் கேட்டார்: “அப்ப ஐஸை நிறுத்திடுவீங்களா?”

அக்கேள்வியில் இருந்த அச்சம் அவரைச் சுட்டது. “நிறுத்த மாட்டேன். இருபத்தஞ்சுல கழிச்சுக்கலாம். எத்தனை ஐஸ், எத்தனை தண்ணி, நீயே சொல்லு.”

கண்ணை மூடி அம்மையார் யோசித்தார். “எட்டு ஐஸ் இருக்கட்டும். தண்ணி பதினேழு போதும். தண்ணி தொண்டையோட போயிடுது. ஐஸ் கொஞ்ச நேரம் கூட இருக்கு.”

மறுநாளும் எடை மிகுதியாகவே இருந்தது. ஒரு நாளில் வடிவதில்லை அது. செவிலி வாய் திறக்கும்முன், படுக்கை வரிசை முழுதும் கேட்கும்படி அவரே சொன்னார்: “இவங்க ஒளிச்சுக் குடிக்கல சிஸ்டர். ஐஸைக் கணக்குல சேர்க்காம விட்டது நான்தான்.” பக்கத்துப் படுக்கைக்காரர் நகைத்தார். அம்மையார் நகைக்கவில்லை; ஊசி ஏறாத கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார். அடுத்த வெள்ளியன்று எடை விதித்த எல்லைக்குள் நின்றது. மூன்றாம் நாள் வேண்டாம் என்றார் மருத்துவர்.

அந்த இல்லத்தில் மூச்சு இளைக்காதிருக்க, நாவு வறளாதிருக்க, ஓய்ந்த உடலுக்கு உறக்கம் வாய்க்க, பற்றிய கை நழுவாதிருக்க, எஞ்சிய நாட்கள் எத்தனையாயினும் அவை இருவர்க்கும் ஒன்றாகவே அமைக.