பத்துக்குப் பத்து

விறாந்தைத் தரையில் பதினொரு இரத்த அடையாளங்கள் இருந்தன. நாற்காலியில் இருந்தபடியே எண்ணினேன். வாவிக்கரையோரம் காலை நடை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். வந்ததும் வராததுமாக இப்படியொரு அசிங்கம்.

"மீன் வெட்டினா ரெத்தத்தைக் கழுவத் தெரியாதா?" என்று குசினிப் பக்கம் கத்தினேன்.

மனைவி அகப்பையோடு வந்தாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில ஆர் மீன் வெட்டினது?" தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாம் வலது கால் அடையாளம். இஞ்ச, அந்தக் காலத் தூக்குங்க."

தூக்கினேன். சிலிப்பர் கழன்று விழவில்லை. தோணி திருத்தும் இடத்தில் சிந்திக் கிடந்த ஆணி ஒன்று சிலிப்பரைத் துளைத்து, இரண்டாம் விரலுக்குக் கீழே பாதத்தில் இறங்கியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தேன். சதை விட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஓங்காளித்தாள். எனக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் தோணியடியிலிருந்து எங்கள் வீடு அறுநூற்று நாற்பது காலடி தூரம். அதில் பாதி வலது காலுக்கு. ஆக, முந்நூற்று இருபது தடவை என் பாரத்தையே சுத்தியலாக்கி அந்த ஆணியை நானே அறைந்திருக்கிறேன்.

"நோகல்லையா?" என்று கேட்டாள்.

"நோகாம? நோகுது" என்றேன்.

அந்தப் பொய் எனக்குப் புதிதல்ல. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பதினேழு வருடம். கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு தடவை பாதத்தைச் சோதிப்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஓர் இழையால் பத்து இடங்களில் குத்துவார்கள். குத்துவது தெரிந்தால் "ஓம்" என்று சொல்ல வேண்டும். என்னோடு நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த ஒருவர் அந்தச் சோதனையில் பத்துக்கு நாலு எடுத்தார். அடுத்த வருடம் ஊன்றுகோலில் வந்தார், ஒற்றைக் காலோடு. சோதனையில் தோற்றவனுக்குத்தான் கால் போகிறது என்று என் மண்டைக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. தாதிக்கோ வெளியே நூறு பேர் காத்திருக்கிற அவசரம். ஒரே கதியில்தான் குத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுவேன். மூன்றில் "ஓம்". கடைசி நாலு வருடமும் பத்துக்குப் பத்து.

ஆணி ஏறிய அன்று பின்னேரம் மனைவி கடைக்குப் போன நேரத்தில் இடது பாதமாவது நோகிறதா என்று அதை வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் அடித்தேன். ஓங்கிப் பன்னிரண்டு அடி. தோல் கன்றிச் சிவந்தது. ஒரு மரக்குற்றியை அடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் காலையும் திட்டினேன், வாயில் வந்த எல்லாச் சொல்லாலும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் சோதிப்பார்கள். ஆகவே போகவில்லை. மஞ்சளை வைத்துக் கட்டினேன். நாலாம் நாள் வீட்டில் நாற்றம் எடுத்தது. அலுமாரிக்குக் கீழே எலி செத்துக் கிடக்கிறது என்று மனைவி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேடினாள். நான் கட்டிலில் இருந்து அவளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் குளிர் காய்ச்சல் வந்து என்னை அறைந்தது. கட்டில் சட்டம் கடகடத்தது. பல் பட்டு நாக்கு கிழிந்தது. மனைவி கட்டை அவிழ்த்தாள். எலி அங்கேதான் இருந்தது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனார்கள். அன்றைக்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள். மறுநாள் ஒரு பெண் டொக்டர், என் மகள் வயதிருக்கும், என் கணைக்காலில் பேனாவால் ஒரு கோடு கீறினார். பாதத்திலிருந்து ஏறிய சிவப்பு அந்தக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது.

"ஐயா, சீனி ஒட்டுற வருத்தம் இல்ல. ஆனா இத்தின வருசமா உங்கட நரம்பையும் ரெத்தக் குழாயையும் திண்டிருக்கு. ஆணியோட போனது கிருமி. அதை அடிச்சுத் துரத்த அங்க ஒழுங்கான ரெத்தம் இல்ல. சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா முழங்காலுக்குக் கீழ எடுக்கத்தான் வேணும். இப்ப செத்த சதைய வெட்டுறன். நல்ல சதை வந்தா ரெத்தம் வரும், நோகும். நொந்தா சொல்லுங்க, நிப்பாட்டுவன்."

கத்தரிக்கோல் நறுக்கென்றது. கறுத்த சதை தட்டில் விழுந்தது. பழுப்பு நிறச் சீழ் என் குதிக்கால் வழியே வழிந்தது. ஏழு வெட்டு எண்ணினேன். இனியும் விட்டால் பாதமே மிஞ்சாது என்று தோன்றியது.

"நோகுது" என்றேன்.

டொக்டர் நிறுத்திவிட்டார்.

அடுத்த காலை சிவப்பு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. கோட்டுக்கு ஒன்றுதான் மிச்சம். டொக்டர் புண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். "பத்துக்குப் பத்து" என்று தனக்குள் சொன்னார். "சரி ஐயா, திரும்ப வெட்டுவம். கண்ண மூடுங்க."

மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"நோகுது டொக்டர்."

"ஐயா, நான் இன்னும் தொடல்ல. கத்தரிக்கோல் தட்டில கிடக்கு."

கட்டிலருகே நின்ற மனைவி கொப்பியைப் பறித்து என் தோளில் அறைந்தாள். மூன்று அறை. "சோதனையில களவா? எத்தின வருசம்?"

"நாலு."

"பாருங்க, அதையும் எண்ணித்தான் வச்சிரிக்கிறார்."

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த ஏறாவூர் மீன்காரர் சிரித்தார். "அண்ணன், நான் அந்தச் சோதனையில பெயில். அதால ஒவ்வொரு நாளும் கண்ணாடி வச்சு அடிக்கால் பாக்கச் சொன்னாங்க. முள்ளுக் குத்தி அண்டைக்கே வந்துட்டன். எனக்கு அஞ்சு விரலும் இரிக்கி. பாஸ் பண்ணின உங்களுக்கு?"

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

கத்தரிக்கோல் மறுபடி இறங்கியது. மனைவி என் தோளை அமுக்கிக்கொண்டாள். பத்து. பதினைந்து. ஒன்றுமில்லை. இருபது. அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது என்று டொக்டர் தாதியிடம் சொன்னது கேட்டது. இருபத்துமூன்றாவது வெட்டில் நெருப்புக் கம்பி ஒன்று பாதத்தில் நுழைந்து என் கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது. அலறினேன்.

"ஐயா, இனி நீங்க சொல்லுறத நான் கேக்க மாட்டன்" என்றார் டொக்டர். இருபத்துநாலு.

கால் தானாக உதைத்தது. தட்டு பறந்து சுவரில் மோதியது. வாய்க்குக் கிட்டே இருந்தது மனைவியின் மணிக்கட்டு. கடித்தேன்.

"டொக்டர், நிப்பாட்டுங்க" என்றாள் அவள். "இது மெய்தான். என்னைக் கடிச்சிப்போட்டார்."

டொக்டர் குனிந்து பார்த்தார். புண்ணெங்கும் புதுச் சிவப்பாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

சிவப்பு அந்த ஒரு விரற்கடையைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கியது. கால் இருக்கிறது, விரல்கள் எட்டு. மனைவியின் மணிக்கட்டில் நாலு பல் அடையாளம் இன்னும் போகவில்லை. சமைக்கும்போது வேண்டுமென்றே சட்டைக் கையை ஏற்றி விடுகிறாள்.

போன மாதம் கிளினிக்கில் இடது பாதத்தைச் சோதித்தார்கள். கண்ணை மூடியதும் மனைவி என் காதுக்குள் வாயை வைத்து, பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைக் கடித்த கதையை முதலிலிருந்து கடைசிவரை மூச்சுவிடாமல் சொன்னாள். எண்ணவே முடியவில்லை.

பத்துக்கு மூன்று.